கடலுக்கு ஒழுகும் வெளிச்சம்

காசிமேட்டிலிருந்து பொழுது சாயும்போது கிளம்பிய ஃபைபர் படகு ஒன்றில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருட்டியபின் இன்ஜினை நிறுத்துகிறார்கள். கிழக்கே பார்த்தால் வானமும் கடலும் பிரித்தறிய முடியாத கருப்பு. மேற்கே திரும்பினால் எண்ணூர் முதல் கோவளம் வரை ஒரே விளக்குச் சரம். அதன் தலைக்கு மேல், அடுப்புத் தணல் மேல் எழும் புகைபோல வெளிறிய ஓர் ஒளிமூட்டம். சென்னையை ஒரே பார்வையில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கேள்வி. தெருவிளக்கின் வேலை தெருவுக்கு வெளிச்சம் போடுவது. அதே விளக்கு கடலில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருப்பவரின் கண்ணைக் குத்துகிறது என்றால், அந்தக் கதிர் தெருவில் விழவில்லை என்றுதானே பொருள்? கலங்கரை விளக்கத்தையும் துறைமுகத்தின் வழிகாட்டி விளக்குகளையும் தவிர, வேறெந்த விளக்கையும் கடலுக்காக யாரும் ஏற்றவில்லை. ஊர் எவ்வளவு வெளிச்சத்தை ஒழுகவிடுகிறது என்பதைப் படகில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

மூழ்கும் மாடிகள்

படகு விலக விலக, ஊர் சிறுத்துக்கொண்டே போவதோடு நிற்பதில்லை. அடியிலிருந்து மூழ்கவும் செய்கிறது. பூமி உருண்டை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டாம். கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருந்தால், தொடுவானம் வெறும் 5 கி.மீ. தூரத்தில் முடிகிறது.

கரையிலிருந்து 20 கி.மீ. போய்விட்டால், நீர்மட்டத்திலிருந்து சுமார் 17 மீட்டர் உயரம் வரை உள்ளவை கடலின் வளைவுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். காற்று ஒளியைச் சற்றே வளைப்பதால் இதில் இரண்டு மூன்று மீட்டர் குறையலாம். ஆக, மெரினா மணலில் எரியும் சுண்டல் கடை விளக்கு முதலில் போகும். அடுத்து சாலை விளக்குகள். அதன்பின் நாலு மாடிக் கட்டடங்கள். கடைசிவரை தாக்குப்பிடிப்பவை அடுக்குமாடிகளின் உச்சிகளும் கலங்கரை விளக்கமும்தான்.

சென்னையின் கலங்கரை விளக்கம் இடம் மாறிக்கொண்டே வந்ததற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. 1796இல் அது புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் கூரையில் இருந்தது. 1844இல் தனித் தூண் ஒன்றுக்கு மாறியது. உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. 1894இல் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்கே ஏறியது. இப்போது மெரினாவில் இருப்பது 1977இல் வந்தது. விளக்கு 50 மீட்டர் உயரத்தில் இருந்தால், சிறு படகில் இருப்பவருக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வரை நேராகத் தெரியும். அதைத் தாண்டினால் விளக்கு மூழ்கிவிடும். ஆனாலும் சுழலும் ஒளிக்கீற்று வானத்தைத் தடவிப் போவது தெரியும்.

நீரில் நீளும் தூண்கள்

கரைக்குக் கிட்டே வந்தால் வேறொரு காட்சி. ஒவ்வொரு விளக்கும் நீரில் புள்ளியாக விழாமல், நீண்ட தூணாகப் படகை நோக்கி வருகிறது. கடல் கண்ணாடிபோல் அசையாமல் இருந்தால் ஒரு விளக்குக்கு ஒரு பிம்பம்தான். சிற்றலை எழும்போது நீர்ப்பரப்பு ஆயிரக்கணக்கான குட்டிக் கண்ணாடிகளாக உடைந்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்கிறது. நமக்கும் விளக்குக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில் உள்ளவை கொஞ்சம் முன்னோ பின்னோ சாய்ந்தாலே போதும், ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். பக்கவாட்டில் உள்ளவை அதே வேலையைச் செய்ய இன்னும் அதிகம் சாய வேண்டும். சிற்றலைக்கு அவ்வளவு சரிவு கிடையாது. அதனால்தான் ஒளி அகலத்தில் பரவாமல் நீளத்தில் நீள்கிறது. அருகே இன்னொரு படகு நின்றால், அதில் இருப்பவர் பார்க்கும் ஒளித்தூண் வேறு. அவரவர்க்கு அவரவர் பாதை.

மஞ்சள் போய் வெள்ளை

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் படகு நின்றிருந்தால், ஊர் பொன்மஞ்சளாகத் தெரிந்திருக்கும். அது சோடியம் விளக்குகளின் காலம். இப்போது எல்.இ.டி. வெள்ளை. மின்சாரம் மிச்சமாகிறது என்பது உண்மைதான். நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான்.

சிக்கல் அந்த நீலத்தில் இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் 450 நானோமீட்டர் அருகே நீலம் தூக்கலாக இருக்கும். சோடியத்தின் மஞ்சள் 589 நானோமீட்டர். அலைநீளம் குறையக் குறையக் காற்று மூலக்கூறுகள் ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். பகல் வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். கணக்கிட்டால், இந்த நீலம் அந்த மஞ்சளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறும். ஊரின் தலைக்கு மேல் நிற்கும் ஒளிமூட்டம் இப்படிச் சிதறிய வெளிச்சம்தான்.

செயற்கைக்கோள்கள் இதைச் சரியாகப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோளின் இரவுக் கருவி, 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீலத்தை உணராது. மேலிருந்து பார்ப்பதால் பக்கவாட்டில் ஒழுகும் ஒளியும் அதற்குச் சரியாகப் பிடிபடாது. படகில் இருப்பவர் கண்ணுக்கு இரண்டுமே தெரியும். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் நட்சத்திரம் பார்த்துத் தந்த 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்த ஒரு குழு, இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளிச்சமாகி வருவதாக 2023இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. எட்டு ஆண்டுகளுக்குள் இரட்டிப்பாகும் வேகம் இது. செயற்கைக்கோள்கள் காட்டியதைவிட மிக அதிகம்.

பங்குனிக் குஞ்சுகள்

ஒழுகும் வெளிச்சத்துக்கு விலை கொடுப்பவர்களில் முதலில் வருவது பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை சென்னைக் கரையேறி முட்டையிட்டுப் போகும் கடலாமைக்கு மீனவர்கள் வைத்த பெயர் அது. சுமார் ஒன்றரை மாதம் கழித்து, பெரும்பாலும் இரவில், குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வரும். தாழ்வான அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடு: இது மட்டும்தான் அவற்றுக்குத் தெரிந்த வழி. நிலவையும் நட்சத்திரங்களையும் பிரதிபலிக்கும் கடல்தான் காலங்காலமாக வெளிச்சமான பக்கமாக இருந்தது. இன்று அது சாலைப் பக்கம். சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவுகளில் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான இடத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

மனிதருக்கும் சிரமம் உண்டு. படகின் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்னால் வெள்ளை என்று விளக்கு எரிய வேண்டும் என்பது கடல் விதி. எதிரே வரும் கலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அந்த நிறங்களை வைத்துத்தான் அறிய முடியும். கரை முழுக்க விளக்காக இருந்தால், அந்தச் சிறு சிவப்பும் பச்சையும் ஊர் வெளிச்சத்தில் கரைந்துபோகும். அதோடு, இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். கண்கூசும் விளக்கு ஒன்றை ஒருமுறை பார்த்தால், அந்தப் பழக்கம் கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதைச் சரிசெய்யப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். ஒளியைக் கீழே மட்டும் விழவைக்கும் மூடி, நீலம் குறைந்த இளமஞ்சள் எல்.இ.டி., நள்ளிரவுக்கு மேல் விளம்பரப் பலகைகளுக்கு ஓய்வு. இவை போதும். மற்ற மாசுகளைப் போல இது ஆண்டுக்கணக்கில் தங்குவதுமில்லை. விளக்கை அணைத்த கணத்தில் இதுவும் போய்விடும்.

சோதித்துப் பார்க்கப் படகேறத் தேவையில்லை. இன்றிரவு உங்கள் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். வாசல் தெரிந்தால் விளக்கு சரியாக இருக்கிறது. வாசலுக்கு முன் பல்பு கண்ணைக் குத்தினால், அதற்கு ஒரு மூடி போடுங்கள்.