பிள்ளையார் வாகனமும் என் வாகனமும்

போன ஐப்பசி. விடாத அடைமழை. அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போவதற்காக எங்கள் டீசல் காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். எஞ்சின் கிளம்பியது. கூடவே டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கும் கிளம்பியது. சாவி போட்டதும் எல்லா விளக்கும் எரிந்து அணையுமே, அதில் இது மட்டும் அணைய மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"ஏங்க, அது என்ன லைட்டு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லை. மழை ஈரம்" என்றேன். முப்பத்தோரு வருஷம் பேங்க்கில் குப்பை கொட்டியவன் நான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வது கைவந்த கலை.

மூன்று நாளாகியும் 'ஈரம்' காயவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய பையன் காரில் ஒரு ஒயரைச் சொருகி, கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னான்: "சார், டி.பி.எஃப். போயிடுச்சு."

"அடடா, யாருப்பா அவர்?"

"டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர், சார். புகையில இருக்கிற கரியைப் பிடிக்கிற ஃபில்டர். மாத்தணும்."

எஸ்டிமேட்டை நீட்டினான். ஒரு லட்சத்துக்கு ஆறாயிரம்தான் குறைவு. 2021-ல் வாங்கிய வண்டி, வாரண்டி முடிந்துவிட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து, அந்தப் பையனே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வரும் வழியில் தெரிந்த மெக்கானிக்கிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "இதுக்குப் போயி கவலைப்படறீங்களே சார்! டப்பாவைத் திறந்து உள்ளே இருக்கிறதை உடைச்சு எடுத்துடுவோம். கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராமை மாத்திட்டா லைட்டு ஜென்மத்துக்கும் வராது. பதினஞ்சாயிரம் கொடுங்க, போதும். அப்புறம் பாருங்க, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்!"

தொண்ணூற்று நாலாயிரம் எங்கே, பதினைந்தாயிரம் எங்கே? 'சனிக்கிழமை வண்டியை விடறேன்' என்று சொல்லிவிட்டு, ஏதோ லாட்டரி அடித்த சந்தோஷத்தில் வீடு திரும்பினேன்.

அம்மா வழக்கம்போல் போர்ட்டிகோவில் ஈஸிசேரில் இருந்தாள். அவளுக்கு வயது எண்பத்திரண்டு. இருபது வருஷமாக வீஸிங். கையில் இன்ஹேலர். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஃபில்டர் என்னடா பண்ணும்?"

"புகையில இருக்கிற கரியைப் பிடிச்சு வைக்கும்மா."

"அதை எடுத்துட்டா?"

நான் பதில் சொல்லவில்லை. காரின் சைலன்ஸர் குழாய்க்கும் அம்மாவின் ஈஸிசேருக்கும் இடையே ஆறடி தூரம்கூட இருக்காது. தினமும் அங்கேதான் வண்டியை ஸ்டார்ட் செய்கிறேன். தெருவில் போகிறவர்களுக்கும் மூக்கு உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ல் முதல் வகையில் சேர்த்திருக்கிறது. நம் நாட்டில் பி.எஸ்.-4 விதிப்படி டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்துகள் விடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பி.எஸ்.-6 விதியில் அது 4.5 மில்லிகிராம். அந்த வித்தியாசத்துக்குப் பெரும் காரணம் இந்த டப்பாதான். கம்பெனி வைத்ததை இஷ்டத்துக்கு மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தில், 2019 திருத்தத்தின்படி, ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

மெக்கானிக்குக்கு போன் போட்டு 'வேண்டாம்' என்றேன். சரி, தொண்ணூற்று நாலாயிரத்துக்கு எங்கே போவது?

இந்த இடத்தில்தான் என் மனைவி கதைக்குள் நுழைகிறாள்.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறிக் கிடந்த நேரம். கோலம் போட்டு முடித்தவள், குனிந்து சைலன்ஸர் குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். வேலைக்காரி தேய்த்த பாத்திரத்தைச் சோதிப்பாளே, அதே விரல், அதே சுற்று! விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கரியைப் பிடிக்கிற ஃபில்டர் கெட்டுப்போச்சுன்னா குழாய்ல கரி இருக்கணுமில்லே? விரல்ல லேசாத் தூசிதான் இருக்கு. இதையா தொண்ணூத்தி நாலாயிரம் கொடுத்து மாத்தச் சொல்றாங்க?"

அசந்துவிட்டேன். சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டருக்குத் தோன்றாதது என் வீட்டு விரலுக்குத் தோன்றியிருக்கிறது. உடனே அக்கா பையனுக்கு போன் பறந்தது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கு பைக்கில் வந்து இறங்கினான்.

"மாமா, முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அந்த லைட்டு, எங்கே வலிக்குதுன்னுதான் சொல்லும். என்ன வியாதின்னு சொல்லாது" என்றபடி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவியை எடுத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துவாரம் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. ஓ.பி.டி. சாக்கெட் என்று பெயர். இத்தனை நாளும் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கருவியைச் சொருகினான். செல்போனில் ப்ளூடூத் மூலம் தகவல் வந்தது: பி-2002.

"2002-ம் வருஷத்துக் கோளாறா?" என்றேன்.

"இல்லை மாமா, அது கோடு நம்பர். 'ஃபில்டர் சரியா வேலை செய்யலை'ன்னு அர்த்தம்."

"அப்போ அவங்க சொன்னது சரிதானே?"

"கார் எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு கேளுங்க. மாமி, உங்க காபி ஃபில்டரை எடுத்துட்டு வாங்க."

வந்தது. விளக்கினான். மேல் பாத்திரத்தில் பொடி அடைத்துக்கொண்டால் டிகாஷன் இறங்காது, வெந்நீர் மேலேயே நிற்கும். பொடியே போடாமல் ஊற்றினால் சர்ரென்று இறங்கிவிடும். காரில் இருப்பதும் அப்படித்தான். தேன்கூடு மாதிரி பீங்கான். அதன் சுவர் வழியே புகை போகும், கரி தங்கிவிடும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய், இரண்டும் போய்ச் சேரும் இடத்தில் கட்டைவிரல் அளவு ஒரு சென்ஸார். இரு பக்கத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது அளக்கிறது. வித்தியாசம் அதிகமானால் கரி அடைத்துவிட்டது. உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிக்க வேண்டும். வித்தியாசமே இல்லையென்றால், 'ஃபில்டர் உடைந்துவிட்டது, அல்லது எவனோ கழற்றிவிட்டான்' என்று கார் நினைத்துக்கொள்ளும்.

பாருங்கள் வேடிக்கையை! 'ஃபில்டரைக் காணோமே' என்று கார் அழுதிருக்கிறது. அதை நிஜமாகவே காணாமல் அடிக்கத்தான் நான் பதினைந்தாயிரம் கொடுக்க இருந்தேன்.

சோதனை தொடங்கியது. முதலில் வண்டியைப் போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்குத் தள்ளினோம். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடுவது தற்கொலைக்குச் சமம்.

சாவி மட்டும் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் பார்த்தால் சென்ஸார் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது. எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் ஏற வேண்டும். ஏறவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நன்றாகவே ஏற வேண்டும். எஞ்சின் அலறியது, எண் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

எஞ்சினை அணைத்து ஆற விட்டு, மல்ட்டிமீட்டரை எடுத்தான். சென்ஸார் பிளக்கில் 5 வோல்ட் வருகிறதா? வருகிறது. எர்த் சரியா? சரி. பிறகு சென்ஸாரிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்களையும் உருவினான். எது முன், எது பின் என்று பெயின்ட்டால் அடையாளம் போட்ட பிறகுதான் உருவினான். மாற்றிப் போட்டால் கணக்கே தலைகீழ். முன்பக்க முனையில் ஒரு சுத்தமான டியூபைச் சொருகி, "மாமா, மெதுவா ஊதுங்க" என்றான்.

ஊதினேன். நாதஸ்வர வித்வான் மாதிரி கன்னம் உப்பியது. செல்போனில் எண் துள்ளிக் குதித்தது!

"சென்ஸார் உசிரோடதான் இருக்கு. ஒயர் சரி. மிச்சம் குழாய்தான்."

எஞ்சினுக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டே போனவன் சிரிக்க ஆரம்பித்தான். ஃபில்டரின் முன்பக்கத்திலிருந்து வரும் ரப்பர் குழாயில், யாரோ பனியாரக் குழி மாதிரி வட்டமாகக் கடித்து வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே நாலைந்து சோற்றுப் பருக்கைகளும் ஒரு தேங்காய்ச் சில்லும்.

எலி!

சென்ஸாருக்குப் போய்ச் சேர வேண்டிய அழுத்தம் அந்த ஓட்டை வழியாக நழுவியிருக்கிறது. சென்ஸார் தனக்கு வந்ததை உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறது. ஃபில்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"இந்தத் தடவை சதுர்த்திக்குக் கொழுக்கட்டையைக் குறைச்சீங்க. பிள்ளையார் தன் வாகனத்தை அனுப்பி, உன் வாகனத்தைக் கடிக்க வெச்சுட்டார்" என்றாள் அம்மா. ஆனால் அந்தப் பருக்கைகள் எங்கிருந்து வந்தன? அம்மா தினமும் போர்ட்டிகோ சுவரில் காக்காய்க்கு வைக்கிற சாதம்! காக்காய் பகலில் மிச்சம் வைத்ததை எலியார் ராத்திரி எடுத்துக்கொண்டு, மழைக்கு இதமாகச் சூடான பானெட்டுக்குள் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்ட பிறகு வெற்றிலை பாக்குக்குப் பதில் ரப்பர் குழாய்!

புதுக் குழாய் 420 ரூபாய். வெறும் தண்ணீர் டியூப் சூட்டில் உருகிவிடும் என்பதால், கம்பெனி பாகமே வாங்கினோம். இரும்புக் குழாயில் கரி அடைத்திருக்கிறதா என்று காற்றடித்துப் பார்த்தோம். சென்ஸாரைக் கழற்றி வைத்த பிறகுதான் காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்ஸார் நிஜமாகவே பரலோகம் போய்விடும். கடைசியாகத்தான் கோடை அழித்தோம். கோளாறைச் சரி செய்யாமல் விளக்கை மட்டும் அணைத்தால், அது மறுபடி வந்து நிற்கும்.

பிறகு தஞ்சாவூர் ரோட்டில் ஒரே சீராக அரைமணி நேரம் ஓட்டினோம். எண் ஏறி இறங்கியது. விளக்கு வரவேயில்லை. திரும்பி வந்து நிறுத்தியபோது ஃபேன் ஓவென்று சுற்றியது, லேசான கருகல் வாசனை. "ஃபில்டர் உள்ளே கரி எரியுது. எஞ்சினை அணைக்காம இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க. அடிக்கடி பாதியில நிறுத்தினா டீசல் போய் எஞ்சின் ஆயில்ல கலக்கும்" என்றான். காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தாதீர்கள் என்பதும் அவன் எச்சரிக்கை. அந்தச் சூட்டுக்குத் தீப்பிடிக்கும்.

போகும் முன் அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன். புகையின் சூட்டை அளக்கும் சென்ஸார் மேல் சந்தேகமா? ராத்திரி முழுக்க நிறுத்திய காரில், காலையில் சாவி மட்டும் போட்டுப் பாருங்கள். எல்லாச் சூட்டு சென்ஸாரும் கிட்டத்தட்ட வெளிச்சூட்டையே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் ஆயிரம் டிகிரி என்றால் அந்த சென்ஸாரோ அதன் ஒயரோதான் கள்ளன். மழைக்குப் பிறகு பிளக்கில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துருவேறிய சென்ஸாரை மல்லுக்கட்டித் திருகாதீர்கள், மரை போய்விடும். எஞ்சின் இழுக்காமல் திணறினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, வாரண்டி இருந்தாலோ, வீட்டு வைத்தியம் வேண்டாம். எஞ்சின் ஆயிலும் கார் புத்தகத்தில் சொன்ன, சாம்பல் குறைந்த ரகமாக இருக்கட்டும். கரி எரிந்துவிடும், ஆயில் சாம்பல் எரியாமல் ஃபில்டரிலேயே தங்கும்.

இப்போது எங்கள் வீட்டில் காக்காய் சாதம் மொட்டை மாடிக்குப் போய்விட்டது. அந்துருண்டை போடலாமா என்றேன். வாசனை அம்மாவுக்கு ஆகாது என்று மனைவி தடுத்துவிட்டாள். அதனால் ராத்திரியில் பானெட்டைத் திறந்தே வைக்கிறேன். இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் எலி குடியேறாதாம். காரை ஸ்டார்ட் செய்வதும் தெருவில் இறக்கிய பிறகுதான்.

அம்மா அதே ஈஸிசேரில் உட்கார்ந்து காற்று வாங்குகிறாள். வாரம் ஒரு முறை, கார் ஆறியிருக்கும்போது, என் மனைவி சைலன்ஸருக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறாள்.

போன வாரம் அதே விரலால் டேஷ்போர்டை ஒரு இழுப்பு இழுத்தாள். விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சைலன்ஸர் சுத்தமாத்தான் இருக்கு. இங்கேதான் ஒரு படி தூசி!"