பதினோரு வரி படுத்திய பாடு

கீழப்பாவூர். எங்கள் ஊர். எத்தனை எழுத்து? விரல்விட்டு எண்ணுங்கள்: ஆறு. பைத்தான் மொழியில் கம்ப்யூட்டரைக் கேட்டால், கூச்சமே இல்லாமல் 11 என்கிறது! யூனிகோடில் 'கீ' என்றால் ககரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று. 'ப்' என்றால் பகரமும் புள்ளியும். பந்தியில் இலையை எண்ணச் சொன்னால் கூட்டு, பொரியலை எண்ணுகிற கதை.

ஆறு என்று சரியாகச் சொல்லவைக்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் 'ஓப்பன் தமிழ்' என்ற நூலகத்தை இலவசமாகவே தந்திருக்கிறார்கள். நூலகம் என்றதும் 'அமைதி காக்கவும்' போர்டைத் தேடாதீர்கள். பிறர் எடுத்தாளத் தயாராக இருக்கும் நிரல்களின் தொகுப்பு அது. ஒரு வரி கட்டளை அடித்தால் வந்து இறங்கிவிடும்.

இறங்குவதற்கு முன் யாரோ மூட்டை கட்டியிருக்க வேண்டும். மூட்டைமேல் சீட்டு: பெயர், பதிப்பு எண், எந்த மெஷினுக்கு, கூட வேறு என்னென்ன வேண்டும். முழுக்கப் பைத்தானில் எழுதியதென்றால் பெரும்பாலும் ஒரே மூட்டை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் போதும். சி மொழி கலந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி மூட்டை.

வில்லங்கம் அந்தக் கடைசி வரியில்தான். டீக்கடை அண்ணாச்சிக்கு விளக்கினேன்.

"மேலக்குளம் பெருகி மறுகால் போனாத்தான கீழக்குளத்துக்குத் தண்ணி? அது மாதிரி அண்ணாச்சி."

"சரிடே, மேலக்குளத்துக்காரன் அடைச்சிட்டாம்னா?"

அண்ணாச்சி கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் கேட்டது 2016 மார்ச் 22 சமாசாரம்!

அஸர் கோச்சுலு என்பவர், ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு, ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் கிடங்கான என்.பி.எம்.மிலிருந்து தன் மூட்டைகளை எடுத்துவிட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட் பேட்'. சொல்லின் இடப்பக்கத்தை இட்டு நிரப்பும் வேலை. மொத்தமே 11 வரி. அதை நம்பி 'பேபல்', பேபலை நம்பி ஆயிரக்கணக்கான நிரல்கள். உலகமெங்கும் புரோகிராமர்கள் திருதிருவென்று விழித்தார்கள். சில மணி நேரத்தில் என்.பி.எம். அந்த 11 வரியைத் திரும்ப வைத்தது. நினைத்தபோது மூட்டையைத் தூக்கிப்போக முடியாதபடி விதியையும் மாற்றியது.

மத்தளம்பாறையில் சோஹோ வந்து, தென்காசிப் பக்கமே சாஃப்ட்வேர் வேலை கிடைக்கிற காலம் இது. தம்பிகளுக்கு மூன்று விஷயம்.

ஒன்று, இன்ன பதிப்புதான் வேண்டும் என்று எழுதிப் பூட்டுங்கள். 2.3.1 என்பது 3.0.0 ஆனால் பழைய நிரல் முறுக்கிக்கொள்ளலாம்.

இரண்டு, பூட்டிவிட்டுத் தூங்காதீர்கள். 2021 டிசம்பரில் 'லாக்ஃபோர்ஜே' நூலகத்தில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. பழைய பதிப்பை வைத்திருந்தவர்கள் ராத்திரி பகலாக மாற்றினார்கள். அது தங்களிடம் இருப்பதே தெரியாதவர்களும் உண்டு.

மூன்று, மேலக்குளத்துக்காரர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். பிழை கண்டால் திட்டாமல் எழுதிச் சொல்லுங்கள், முடிந்தால் திருத்திக் கொடுங்கள். குளத்துக்கு நம் பெரியவர்கள் செய்ததுதான். அதற்குப் பெயர் குடிமராமத்து.