கல்லு ரெடி... மோதிரம் ரெடியா?

ஜாதகம் பார்த்து அம்மா வாங்கிக் கொடுத்த புஷ்பராகம், பாட்டியோட கம்மல்ல இருந்து கழன்ற கெம்புக் கல், காங்கேயம் போன மாமா வாங்கிட்டு வந்த மூன்ஸ்டோன்... ஏதாவது ஒண்ணு உங்க வீட்டு பீரோவுலயும் பஞ்சு சுத்தித் தூங்கிட்டு இருக்கும். 'செமஸ்டர் லீவுல மோதிரமா கட்டிடலாம்'னு தர்மபுரி கடைவீதிக்குக் கிளம்பறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்! மோதிரம் பிடிக்கலைன்னா உருக்கி வேற செஞ்சுக்கலாம். கல்லு உடைஞ்சா உடைஞ்சதுதான்!

முதல்ல கல்லோட குணத்தைத் தெரிஞ்சுக்கோங்க. மெட்டீரியல்ஸ் பேப்பர்ல படிச்சுட்டு மறந்துபோன 'மோஸ் ஸ்கேல்' ஞாபகம் இருக்கா? 1812-ல ஃப்ரெடரிக் மோஸ்ங்கிற ஜெர்மன்காரர் போட்ட கணக்கு. வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. மரகதம் ஏழரையில் இருந்து 8. மூன்ஸ்டோன் 6-க்குக் கொஞ்சம் மேல. பவளமும் முத்தும் 4-ஐச் சுத்தித்தான். நம்ம ஊர் ரோட்டுப் புழுதியில கலந்திருக்கிற குவார்ட்ஸ் 7! அதாவது, 7-க்குக் கீழே இருக்கிற கல்லைப் போட்டுக்கிட்டு தினமும் பைக் ஓட்டினா, தூசியே அதைக் கீறிடும். புஷ்பராகம்ங்கிற பேர்ல மஞ்சள் சஃபையரும் விக்கறாங்க, டோபாஸும் விக்கறாங்க. முதலாவது 9, ரெண்டாவது 8. எதுன்னு கேட்டு வாங்குங்க.

கடினம் வேற, உறுதி வேற. டோபாஸ் 8-தான். ஆனா ஒரு திசையில அடிபட்டா பிஸ்கட் மாதிரி பிளந்துக்கும். மரகதத்துக்குள்ள இயற்கையாவே விரிசல் இருக்கும். அதை மறைக்க எண்ணெய் ஏத்தியிருப்பாங்க. சூடு பட்டா எண்ணெய் வெளியேறி, விரிசல் பல்லைக் காட்டும்.

எந்தக் கட்டு?

நாலஞ்சு கம்பி விரல் நீட்டிக் கல்லைப் பிடிச்சுக்கிற மாதிரி செய்யறது 'ப்ராங்' கட்டு. நாலு பக்கமும் வெளிச்சம் உள்ளே போறதால கல்லு தகதகன்னு இருக்கும். மாணிக்கம், நீலத்துக்கு ஓகே. ஆனா கம்பி துணியில மாட்டும். 22 கேரட் தங்கம் மெத்துனு வளையும். கம்பிக்கு 18 கேரட் பெட்டர்.

கல்லைச் சுத்தித் தகடு வெச்சு மூடறது 'பெஸல்'. கல்லோட ஓரத்துக்கு ஹெல்மெட் மாதிரி. பவளம், மூன்ஸ்டோன், மரகதம், டோபாஸ் எல்லாத்துக்கும் இதுதான் சேஃப். ஹாஸ்டல்ல பக்கெட் தூக்கற கைக்கும் இதுதான்! பட்ஜெட் இடிச்சா 92.5 வெள்ளியிலயே கட்டலாம்.

பழைய கம்மல்ல பின்பக்கத்தை மூடி, உள்ளே அரக்கும் பளபளப்புத் தகடும் வெச்சிருப்பாங்க. அதனால, வெளியே எடுத்ததும் கெம்பு டல் அடிக்கலாம். உடனே 'கல்லை மாத்திட்டாங்க'னு பத்தர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. கண்ணு முன்னாடி கழட்டச் சொல்லிப் பாருங்க. இன்னொரு விஷயம், மாணிக்கத்தை ஆலையில செய்யற முறையை ஃபிரான்ஸ்காரர் வெர்னுயில் 1902-லயே அறிவிச்சுட்டார். அதுவும் கடினத்துல 9-தான். கீறிப் பார்த்தெல்லாம் அசலா, செயற்கையானு சொல்ல முடியாது. லேப் டெஸ்ட்தான் வழி.

பத்தர்கிட்ட போறப்போ...

கல்லை எடை போட்டு, ஸ்கேல் பக்கத்துல வெச்சு போட்டோ எடுங்க. உள்ளே இருக்கிற புள்ளி, கோடு எல்லாம் தெரியணும். அதுதான் கல்லோட கைரேகை. விரல் அளவைச் சாயங்காலம் எடுங்க. வெயில்ல விரல் லேசா வீங்கியிருக்கும். "அண்ணா, அளவு சரி பண்ணிட்டு அப்புறமா கல்லு வைங்க"ன்னு சொல்லிடுங்க. கல்லு இருக்கிறப்போ பத்த வெச்சா முத்தும் பவளமும் காலி.

பில்லுல கல் எடையைத் தங்கத்தோட சேர்க்கலையானு பாருங்க. 5 கேரட் கல்லுன்னா 1 கிராம். விட்டுட்டா, ஒரு கிராம் தங்கத்தோட காசு கல்லுக்குப் போயிடும்! கடையில தங்க மோதிரம் வாங்கினா, ஹால்மார்க்கோட இருக்கிற 6 எழுத்து எச்.யு.ஐ.டி. குறியீட்டை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்ல தட்டிப் பாருங்க. 2023 ஏப்ரல்ல இருந்து இதுதான் நடைமுறை.

இந்தக் கல்லு வேலை நமக்குப் புதுசு இல்லை மக்களே! ஈரோடு மாவட்டம் கொடுமணல்ல, நொய்யல் கரையில, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பட்டறை போட்டுக் கல்லு பட்டை தீட்டியிருக்காங்க. அகழாய்வுல நீலம், பச்சைக்கல், பளிங்கு எல்லாம் கிடைச்சிருக்கு. பச்சைக்கல் கிடைக்கிற படியூர் பக்கத்துலதான். இந்தப் பக்கம், டைட்டனோட நகைத் தொழிற்சாலை இருக்கிற ஓசூர், 2004-ல கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரியற வரைக்கும் நம்ம தர்மபுரி மாவட்டம்தான். பெருமையா காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்!

கடைசியா ஒண்ணு. ஒர்க்‌ஷாப்ல லேத் பக்கம் போறதுக்கு முன்னாடி மோதிரத்தைக் கழட்டிடுங்க. மெஷின்ல மாட்டினா மோதிரத்தோட விரலும் போயிடும். 'இந்தக் கல்லு போட்டா அரியர் கிளியர் ஆகுமா?'ன்னு கேக்கறவங்களுக்கு... அதுக்கு புக்கைத் திறந்தாத்தான் உண்டு பாஸ்!