மலையுச்சி இயந்திரத்துக்கு மூன்று நிமிடக் கெடு

2024 செப்டம்பர் 27ஆம் தேதி ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு மலைப்பகுதியைப் புரட்டிப்போட்டது. ஆற்றங்கரைச் சாலைகளும் பாலங்களும் வெள்ளத்தில் போயின. மின்சாரம் நின்றது. செல்போன் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரைப் பற்றி விசாரிக்கவும், மருந்து தீர்ந்தவர்கள் உதவி கேட்கவும், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் அங்கே பலருக்கு மிஞ்சியிருந்தது ஓர் அலைவரிசை: 145.190 மெகாஹெர்ட்ஸ். மிட்செல் மலையில் இருக்கும் ஹாம் ரேடியோ (ஆர்வலர் வானொலி) ரிப்பீட்டர் பேசும் அலைவரிசை அது. மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே அமெரிக்காவின் மிக உயரமான சிகரம் மிட்செல். உயரம் 2,037 மீட்டர்.

இப்படிப்பட்ட ரிப்பீட்டர்களை நிறுவிப் பராமரிப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் அல்லர். தேர்வு எழுதி உரிமம் வாங்கிய ஆர்வலர்கள். கைக்காசைப் போட்டு, விடுமுறை நாளில் மலையேறி, ஊருக்குப் பயன்படட்டும் என்று ஒரு நிலையத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள்.

மலைப்பாதை அடைபட்ட நாளில் உச்சியில் இருக்கும் இயந்திரத்தை யார் கவனிப்பது? பனிக்காலம் முழுக்க ஏற முடியாத சிகரங்களில் என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்கான விடையை ஹாம் ஆர்வலர்கள் 1980களிலும் 1990களிலும், வீட்டுக் கணினி, மோடம், தொலைபேசிக் கம்பி ஆகிய மூன்றையும் வைத்துக் கண்டுகொண்டார்கள். தொலைவிலிருந்து இயந்திரங்களை இயக்குவது எல்லோருக்கும் வாடிக்கையாகிவிட்ட இந்தக் காலத்தில், அவர்கள் கற்ற பாடம் நமக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

கேட்டதைத் திருப்பிச் சொல்லும் நிலையம்

கையடக்க வாக்கி டாக்கியின் சக்தி பெரும்பாலும் 5 வாட். அதன் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். குறுக்கே ஒரு குன்று இருந்தால் அத்தோடு சரி. அதனால் உயரமான இடத்தில் ஒரு நிலையம் வைக்கிறார்கள். அது ஓர் அலைவரிசையில் கேட்டதை, கேட்ட கணத்திலேயே வேறோர் அலைவரிசையில் கூடுதல் சக்தியோடு ஒலிபரப்பும். அமெரிக்காவில் 2 மீட்டர் அலைக்கற்றையில் இந்த இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். 145.190இல் பேசும் ரிப்பீட்டர் 144.590இல் கேட்கும்.

இதை நடத்துவது கன்ட்ரோலர் என்கிற சின்னப் பெட்டி. யாரோ பேசத் தொடங்கியதும் டிரான்ஸ்மிட்டரை எழுப்ப வேண்டும். பேசி முடித்ததும் ஒரு ‘பீப்’ கொடுத்து அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறையாவது நிலையத்தின் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் மோர்ஸில். காரில் யாரோ மைக்கின் மேல் உட்கார்ந்து பொத்தான் அழுந்தியே கிடந்தால், குறித்த நேரத்தில் ஒலிபரப்பை வெட்ட வேண்டும். பக்கத்து மலை ரிப்பீட்டரோடு சேர்ப்பது, பிரிப்பது, வாராந்திரக் கூட்டத்தை அறிவிப்பது, பேட்டரியின் அளவைச் சொல்வது எல்லாமே அதன் பொறுப்பு.

இந்தப் பெட்டிக்கு மேலே சட்டம் ஒரு மனிதரை வைத்திருக்கிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகளில் ஹாம் ரேடியோவுக்கு உரியது பகுதி 97. ரிப்பீட்டர் தானாக ஓட அது அனுமதிக்கிறது. ஆனால் நிலையம் சரியாக நடக்கிறதா என்பதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு மனிதருடையது. தொலைவிலிருந்து கட்டளையிட்டு இயக்கும் நிலையத்துக்கு 97.213ஆம் பிரிவு ஒரு நிபந்தனையும் போடுகிறது: கட்டளை போகும் வழி பழுதானால், நிலையம் 3 நிமிடத்துக்கு மேல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கக் கூடாது. அதாவது, சொல்வாரின் குரல் எட்டாதபோது இயந்திரம் தானே வாயை மூடிக்கொள்ளும்படி முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். இதை எழுதியவர்களின் தொலைநோக்கை நான் வியக்கிறேன்.

பொத்தான் ஒலிகளில் எழுதிய நிரல்

ஆரம்பகாலக் கன்ட்ரோலர்கள் ரிலேக்களாலும் டையோடுகளாலும் ஆனவை. அழைப்புக் குறியின் மோர்ஸ் புள்ளிகளும் கோடுகளும் டையோடு வரிசைகளாகவே பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஓர் எழுத்தை மாற்ற சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு மலையேற வேண்டும். மைக்ரோபிராசஸர் வந்த பிறகு நிலைமை மாறியது. கலிஃபோர்னியாவின் ஏ.சி.சி. நிறுவனம் செய்த ஆர்.சி.-850 மனிதக் குரலில் நேரம் சொன்னது. எஸ்-காம் நிறுவனத்தின் 7கே, லிங்க் கம்யூனிகேஷன்ஸின் ஆர்.எல்.சி. வரிசை எனப் பல பெட்டிகள் சந்தைக்கு வந்தன. விருப்பத்துக்கேற்ப மாற்றக்கூடிய அமைப்புகள் அவற்றில் நூற்றுக்கணக்கில் இருந்தன.

அவற்றை மாற்றும் முதல் வழி வாக்கி டாக்கியின் பொத்தான்கள். பெல் நிறுவனம் 1963இல் தொலைபேசிக்குக் கொண்டுவந்த அதே டி.டி.எம்.எஃப். ஒலிகள்தாம். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து ஒலிக்கும். 1ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து வரும். வீட்டுத் தொலைபேசியில் 12 பொத்தான்கள். ஹாம் கருவிகளில் ஏ, பி, சி, டி சேர்த்து 16.

ஒன்றிரண்டு கட்டளைகளுக்கு இது போதும். முழு அமைப்பையும் மாற்றுவதென்றால் பெரும்பாடு. மோர்ஸில் போகும் அழைப்புக் குறியை எழுத, ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு இலக்கம் கொண்ட எண் தர வேண்டும். 6 எழுத்துக் குறிக்கு 12 இலக்கம். அதற்கு முன்னால் கடவுச்சொல், கட்டளை எண். நடுவில் ஓர் இலக்கம் அலையின் தடுமாற்றத்தில் விழுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இதெல்லாம் ஊரறிய நடக்கிறது என்பது. ரிசீவர் வைத்திருக்கும் எவரும் அந்த ஒலிகளைப் பதிவு செய்து, கடவுச்சொல்லைப் படித்துவிட முடியும்.

கம்பி வழியாகப் போன கட்டளை

பல மலையுச்சிகளில் ஏற்கெனவே தொலைபேசி இணைப்பு இருந்தது. செல்போன் பரவாத காலத்தில், காரில் செல்லும் ஹாம் ஒருவர் ரிப்பீட்டர் வழியாகத் தொலைபேசி எண்ணை அழுத்தி, வழியில் கண்ட விபத்தைக் காவல் துறைக்குச் சொல்ல முடியும். ‘ஆட்டோபேட்ச்’ என்று பெயர். வெளியே போகும் அந்தக் கம்பி வழியாகவே உள்ளேயும் வரலாம் என்பதுதான் அடுத்த படி. கன்ட்ரோலரின் சீரியல் போர்ட்டில் ஒரு மோடத்தைச் செருகினால், வீட்டுக் கணினியிலிருந்து மலையை அழைக்கலாம்.

மோடத்தைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரே ஹாம் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான செய்தி. 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் வந்தது. கணினியிலிருந்து எழுத்தாகவே கட்டளை தந்து எண்ணை அழைக்கவும் இணைப்பைத் துண்டிக்கவும் அது வழி செய்தது. டென்னிஸ் ஹேய்ஸுடன் சேர்ந்து அதை உருவாக்கிய டேல் ஹெதரிங்டன் உரிமம் பெற்ற ஹாம். பின்னாளில் வானலை வழியே நொடிக்கு 56 கிலோபிட் அனுப்பும் மோடத்தையும் அவர் வடிவமைத்தார்.

வீட்டில் இருப்பவர் புரோகாம், டெலிக்ஸ் போன்ற டெர்மினல் மென்பொருளைத் திறப்பார். வேகம் 1200, எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். மலையின் எண்ணை அழைத்ததும் இரண்டு மோடங்களும் கீச்சிட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளும். கன்ட்ரோலர் கடவுச்சொல் கேட்கும், கொடுத்தால் கட்டளைக்குக் காத்திருக்கும். பொத்தானில் விரல்கள் நொடிக்கு இரண்டு மூன்று இலக்கம் அழுத்தும். 1200 வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட் என்று கணக்கிட்டால், நொடிக்கு 120 எழுத்துகள் போகும்.

வேகத்தை விடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. கட்டளைகளை முன்கூட்டியே ஒரு கோப்பாக எழுதி வைக்கலாம். எந்த வரி எதற்கு என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதலாம். அதுவரை ரிப்பீட்டரின் அமைப்பு யாரோ ஒருவரின் நோட்டுப் புத்தகத்திலோ ஞாபகத்திலோ கிடந்தது. அவர் ஊர் மாறினால் ரகசியமும் கூடவே போனது. கோப்பு வந்த பிறகு, இடி விழுந்து கன்ட்ரோலரின் நினைவகம் துடைத்தெறியப்பட்டாலும் சில நிமிடங்களில் பழையபடி ஏற்றிவிடலாம். அடுத்த தலைமுறைத் தொண்டரிடம் நிலையத்தை முழுதாக ஒப்படைக்கலாம். ஒரு சங்கத்தின் உழைப்பு ஒரு தனி மனிதரோடு முடிந்துவிடாமல் காப்பாற்றியது இந்தக் கோப்புதான்.

சின்ன விஷயங்களில் இருக்கும் தேர்ச்சி

கம்பியை இணைத்தால் மட்டும் வேலை நடந்துவிடாது. கன்ட்ரோலர் தன் அமைப்புகளை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதுகிறது. அன்றைய சில்லுகளில் ஒரு பைட் எழுத 10 மில்லி நொடி வரை ஆகும். கோப்பை முழு வேகத்தில் கொட்டினால் எழுத்துகள் சிந்தும். பாதி வரி மட்டும் பதிவாகும். அனுபவசாலிகள் ஒவ்வொரு வரிக்கும் இடையே சிறு இடைவெளி விடும்படி டெர்மினலை அமைப்பார்கள், அல்லது கன்ட்ரோலர் ‘சரி’ என்று பதில் தந்த பிறகே அடுத்த வரியை அனுப்புவார்கள்.

மலையில் இருக்கும் மோடத்தையும் பழக்க வேண்டும். அழைப்பு வந்தால் தானாக எடுக்க வேண்டும். அந்த அமைப்பு மின்வெட்டுக்குப் பிறகும் நினைவில் இருக்க வேண்டும். மோடம் தனக்கு வருவதைத் திருப்பி எதிரொலிக்கும் பழக்கம் உடையது. அதை நிறுத்தாவிட்டால், கன்ட்ரோலர் அனுப்பும் வார்த்தையை மோடம் திருப்பி அனுப்பும். கன்ட்ரோலர் அதைத் தவறான கட்டளை என்று நினைத்துப் பிழைச் செய்தி தரும். மோடம் அதையும் திருப்பி அனுப்பும். ஆளில்லாத மலையுச்சியில் இரண்டு பெட்டிகளும் முடிவின்றி வாதாடிக்கொண்டிருக்கும். மணி அடிக்கிறது, இணைப்பு கிடைத்தது என்று மோடம் தரும் அறிவிப்புகளையும் கன்ட்ரோலரின் காதில் விழாமல் அடக்கி வைக்க வேண்டும்.

இயற்கையின் தொந்தரவும் உண்டு. தொலைபேசிக் கம்பி இடிமின்னலை நேரே உள்ளே அழைத்து வரும் வழி. அது கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே மின்னல் தடுப்பான் வைத்து, டவர், மின்சாரம், தொலைபேசி அனைத்தையும் ஒரே நில இணைப்பில் கட்டுவது கட்டாயம். பக்கத்திலேயே டிரான்ஸ்மிட்டர் முழங்குவதால் அதன் அலை கம்பியில் ஏறி எழுத்துகளைக் குழப்பும். அதற்கு ஃபெரைட் வளையங்கள் போடுவார்கள்.

திரும்பி வரும் வழி

எல்லாவற்றிலும் பெரிய அபாயம், நீங்கள் நுழைந்த வாசலை நீங்களே மூடிக்கொள்வது. கடவுச்சொல்லை மாற்றும்போது ஓர் எழுத்து பிசகினால், அல்லது தொலைபேசியை எடுக்கும் வசதியையே அணைத்துவிட்டால், அடுத்த முறை உள்ளே போக முடியாது. அதன்பின் மலையேறுவதுதான் வழி. டிசம்பரில் அது நடக்கிற காரியமாக இருக்காது.

அதனால் நல்ல பொறுப்பாளர்கள் சில கட்டுப்பாடுகளைக் கடைப்பிடித்தார்கள். உள்ளே போக ஒன்றுக்கு மேற்பட்ட வழி வைத்தார்கள்: தொலைபேசி ஒன்று, தனி அலைவரிசையில் கட்டளை கேட்கும் ரிசீவர் இன்னொன்று. ஒரு வழியைத் திருத்தும்போது மற்றதைத் தொடுவதில்லை. ஆபத்தான மாற்றம் செய்யும் முன், அரை மணி கழித்துப் பழைய நிலைக்குத் திரும்பும்படி கன்ட்ரோலரின் கால அட்டவணையில் ஒரு கட்டளை போட்டு வைக்கலாம். மாற்றம் சரியாக அமைந்தால் அந்தக் கட்டளையை நீக்கிவிடலாம். பிசகினால் இயந்திரம் தானே பழைய நிலைக்கு வந்து சேரும்.

இன்று பெருநிறுவனங்கள் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்கின்றன. 2021 அக்டோபர் 4ஆம் தேதி, பராமரிப்பின்போது தரப்பட்ட ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணையத்திலிருந்தே துண்டித்தது. பொறியாளர்கள் வைத்திருந்த மாற்று வழியும் கைகொடுக்காததால், ஆட்களை நேரில் அனுப்பிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சுமார் 6 மணி நேரம் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடங்கின. மறுபுறம், ஜூனிப்பர் நிறுவனத்தின் ரவுட்டர்களில் ஒரு வசதி உண்டு: மாற்றம் செய்தவர் 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். ரிப்பீட்டர்காரர்களின் அரை மணிக் கட்டளையும் அதுவும் ஒரே சிந்தனையில் பிறந்தவை.

நம் வயலிலும் அதே கேள்வி

அமெரிக்காவில் செம்புத் தொலைபேசிக் கம்பிகள் விடைபெற்று வருகின்றன. மலையுச்சிகளுக்கு இணைய இணைப்பு போகிறது. உள்ளங்கை அளவுக் கணினிகள் கன்ட்ரோலரின் இடத்தில் உட்கார்கின்றன. மோடம் போய்விட்டாலும், அது எழுப்பிய கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இன்று எத்தனையோ விவசாயிகள் செல்போனிலிருந்தே வயல் மோட்டாரைப் போடுகிறார்கள், நிறுத்துகிறார்கள். இந்தக் கருவிகளில் பல, போனில் அழுத்தும் அதே டி.டி.எம்.எஃப். ஒலிகளைக் கேட்டுத்தான் இயங்குகின்றன. ‘நிறுத்து’ என்ற கட்டளை போய்ச் சேராமல், கிணற்றிலும் தண்ணீர் வற்றினால் மோட்டார் கருகிவிடும். தண்ணீரில்லா ஓட்டத்தை உணர்ந்து தானே நிற்கும் பாதுகாப்பு இங்கே அந்த மூன்று நிமிட விதியின் வேலையைச் செய்கிறது. வீட்டுக் கேமராவுக்கும், குடிநீர்த் தொட்டிக்கும், தொழிற்சாலைக் கொதிகலனுக்கும் இதே கணக்குத்தான்.

எனவே தொலைவிலிருந்து இயக்கும் எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்பும் விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இணைப்பு அறுந்தால் இது என்ன செய்யும்? ஒரு வழி அடைபட்டால் உள்ளே போக இன்னொரு வழி உண்டா? இதன் அமைப்புகளை எழுதிப் பத்திரப்படுத்தி, வேறொருவர் மீண்டும் ஏற்ற முடியுமா? தவறு நடந்தால் பதில் சொல்லப்போவது யார்? சம்பளமின்றி மலையேறிய ஆர்வலர்கள் இந்த நான்குக்கும் பதில் வைத்திருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு விற்பவர்களிடமிருந்து அதற்குக் குறைவான பதிலை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.