சரணாகதி

சரணாகதி என்பது, தன் முயற்சியால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது என்று உணர்ந்த ஒருவர், காக்கும் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைத்து அவனையே புகலாக அடைவதைக் குறிக்கும் இந்து சமயக் கோட்பாடு ஆகும். பிரபத்தி, பரந்யாசம், அடைக்கலம் ஆகிய பெயர்களாலும் இது வழங்கப்படுகிறது. சைவத்திலும் இக்கருத்து உண்டு. மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் அடைக்கலப்பத்து என்ற பெயரிலேயே ஒரு பகுதி உள்ளது. எனினும், இதனைத் தனியொரு மோட்ச வழியாக விரித்து வகுத்தவர்கள் இராமானுசர் வழிவந்த வைணவ ஆசாரியர்கள் ஆவர். மனிதனின் பலவீனத்தைத் தடையாகக் கொள்ளாமல் தகுதியாகக் கொள்வது இக்கோட்பாட்டின் தனித்தன்மை. இதனை விளக்கும் மரபுச் செய்திகளுள் ஒன்று அரக்கோணத்தை அடுத்துள்ள சோளிங்கரோடு தொடர்புடையது.

தகுதி

பக்தியோகம் இடைவிடாத தியானம், சாத்திர அறிவு, நீண்ட காலப் பயிற்சி ஆகியவற்றை வேண்டுவது. இவற்றுக்கு ஆற்றல் இல்லாதவருக்கு உரியதாகப் பிரபத்தி கூறப்படுகிறது. பிறப்பு, பால், இடம், காலம் ஆகிய வரையறைகள் இதற்கு இல்லை. வேண்டப்படும் தகுதிகள் இரண்டே: வேறு கைம்முதல் இல்லாமை (ஆகிஞ்சன்யம்), வேறு புகல் இல்லாமை (அநந்யகதித்துவம்).

அங்கங்கள்

பாஞ்சராத்திர ஆகம நூல்களான அகிர்புத்நிய சம்கிதையும் இலட்சுமி தந்திரமும் சரணாகதியை ஆறு கூறுகள் உடையதாகக் கூறுகின்றன.

1. இறைவனுக்கு உகந்ததையே செய்ய உறுதி கொள்ளல்
2. அவனுக்கு உகவாததை விலக்கல்
3. அவன் காப்பான் என்ற உறுதியான நம்பிக்கை
4. காக்குமாறு வேண்டுதல்
5. தன்னை ஒப்படைத்தல்
6. கார்ப்பண்யம், அதாவது தன் எளிமையையும் இயலாமையையும் உணர்தல்

பலவீனத்தை ஒப்புக்கொள்வது சரணாகதியின் முன்னுரையாக நிற்காமல், அதன் ஓர் உறுப்பாகவே அமைந்திருப்பதை இப்பட்டியல் காட்டுகிறது.

பகவத் கீதையில்

கீதையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் முரண்போலத் தோன்றும் ஒரு செய்தி உள்ளது. மூன்றாம் சுலோகத்தில் கண்ணன், இழிந்த மனத்தளர்ச்சியை விட்டு எழுமாறு அருச்சுனனைக் கடிந்துகொள்கிறான். ஏழாம் சுலோகத்தில் அருச்சுனன், தன் இயல்பு கார்ப்பண்யக் குற்றத்தால் தாக்குண்டது என்று கூறி, தன்னைச் சீடனாகவும் சரணடைந்தவனாகவும் (பிரபன்னன்) அறிவிக்கிறான். கண்ணனின் உபதேசம் இதன் பின்னரே, பதினொன்றாம் சுலோகத்தில் தொடங்குகிறது.

இரண்டு இடங்களிலும் இருப்பது ஒரே தளர்ச்சிதான். முதல் அத்தியாயத்தில் அது குலநாசம், பாவம் என்னும் வாதங்களுக்குள் மறைந்திருந்தது. ஏழாம் சுலோகத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. கடியப்பட்டது மறைந்திருந்த தளர்ச்சி என்றும், விடை பெற்றது ஒப்புக்கொள்ளப்பட்ட தளர்ச்சி என்றும் இதனைப் புரிந்துகொள்ளலாம்.

பதினெட்டாம் அத்தியாயத்தின் 66ஆம் சுலோகம் வைணவத்தில் சரம சுலோகம் எனப்படுகிறது. தன்னையே சரணடையுமாறும், எல்லாப் பாவங்களிலிருந்தும் தான் விடுவிப்பதாகவும், வருந்த வேண்டாம் எனவும் கண்ணன் அதில் உறுதி கூறுகிறான். அதைக் கேட்ட அருச்சுனன் போரிலிருந்து விலகவில்லை. அவன் சொன்னபடி செய்வதாகக் கூறி எழுந்தான். எனவே சரணாகதி என்பது செயலின்மை அன்று.

இதிகாச, புராணங்களில்

வால்மீகி இராமாயணம் சரணாகதி நூல் என்றே வைணவர்களால் போற்றப்படுகிறது. யுத்த காண்டத்தில் வீடணன் அடைக்கலம் வேண்டியபோது, பகைவனின் தம்பி என்று சுக்கிரீவன் ஐயுறுகிறான். குற்றம் உள்ளவனாயினும் நண்பனாக வந்தவனைக் கைவிடுவதில்லை என்றும், வந்தவன் இராவணனேயாயினும் அபயம் அளித்ததாகவும் இராமன் விடையளிக்கிறான்.

சுந்தர காண்டத்தில் வரும் காகாசுரன் கதை வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. சீதைக்குத் தீங்கிழைத்த அக்காகம் மூவுலகிலும் புகல் காணாது இராமனின் காலடியில் விழுகிறது. உயிர் காக்கப்படுகிறது, ஆனால் ஒரு கண் பறிபோகிறது. மன்னிப்பு கிடைத்தாலும் செயலின் விளைவு முற்றிலும் நீங்குவதில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். பாகவத புராணத்தின் எட்டாம் கந்தத்தில் வரும் கசேந்திரன், தன் வலிமை முழுதும் தீர்ந்த பின்னரே திருமாலை அழைக்கிறான்.

கலை வேறுபாடு

இறைவனின் அருளைப் பெறச் சீவன் ஏதேனும் செய்ய வேண்டுமா என்ற வினாவில் வைணவம் இரு கிளைகளாகப் பிரிந்தது. வேதாந்த தேசிகரைப் (1268–1369) பின்பற்றும் வடகலையார், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி போலச் சீவனின் பங்கு சிறிதேனும் வேண்டும் என்பர். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார், தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக் குட்டியை உவமையாகக் காட்டுவர். அடியாரின் குற்றத்தை இறைவன் காணாதவன்போல் இருக்கிறான் என்பது வடகலைக் கருத்து. கன்றின் உடல் அழுக்கைப் பசு விரும்பி நக்குவதுபோல அதனையும் உவந்து ஏற்கிறான் என்பது தென்கலைக் கருத்து. முறைப்படி சரணாகதி செய்ய இயலாதவருக்காக ஆசாரியரே அதனைச் செய்யும் வழக்கமும் (ஆசாரிய நிட்டை) உண்டு.

சோளிங்கர்த் தொட்டாச்சாரியார்

இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள சோளிங்கர், திருக்கடிகை என்னும் பெயருடைய திவ்விய தேசமாகும். கடிகை என்பது 24 நிமிடங்கள் கொண்ட ஒரு நாழிகை. ஒரு நாழிகை இங்குத் தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்பது நம்பிக்கை.

இவ்வூரில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொட்டாச்சாரியார், தேசிகரின் சததூசணிக்குச் சண்டமாருதம் என்னும் உரை எழுதிய அறிஞர். ஆண்டுதோறும் காஞ்சிபுரம் சென்று வரதராசப் பெருமாளின் கருடசேவையைக் காண்பது இவரது வழக்கம். ஓராண்டு உடல் தளர்ச்சியால் செல்ல இயலவில்லை. சோளிங்கரிலுள்ள தக்கான் குளக்கரையில் நின்று அவர் வருந்த, வரதர் கருடன்மீது அங்கேயே காட்சியளித்தார் என்று வைணவ மரபு கூறுகிறது. அப்போது அவர் பாடியதாகக் கூறப்படுவது தேவராச பஞ்சகம்.

இதன் நினைவாக, காஞ்சியில் வைகாசிப் பெருவிழாவின் கருடசேவையன்று கோபுர வாயிலில் பெருமாளைக் குடைகளால் சில கணங்கள் மறைக்கின்றனர். அக்கணங்களில் அவர் சோளிங்கரில் இருப்பதாக ஐதிகம். இது தொட்டாச்சாரியார் சேவை எனப்படுகிறது.

பேரறிஞர் ஒருவரின் புலமையைக் காட்டிலும் அவர் நடக்க இயலாமற்போன ஒரு நாளையே விழா நினைவில் வைத்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. சோளிங்கர் மலைமேல் உள்ள யோக நரசிம்மரைக் காண ஏறத்தாழ 1,300 படிகள் ஏற வேண்டும். முதியோரும் நோயுற்றோரும் மேலே செல்ல உதவும் கம்பிவட ஊர்தி 2024இல் திறக்கப்பட்டது.