ஈயை அடித்தவர் யார்?

“ஈயடிச்சான் காப்பி” என்று கேலி செய்கிறோமே, அதன் கதை தெரியுமல்லவா? ஒரு குமாஸ்தாவிடம் பழைய தஸ்தாவேஜு ஒன்றைக் கொடுத்து, “இம்மியும் மாறாமல் நகல் எடு” என்றார்களாம். மூலத்தில் ஓரிடத்தில் ஈ ஒன்று செத்து ஒட்டிக் கொண்டிருந்தது. அந்த மனுஷர் அரை நாள் அலைந்து ஓர் ஈயை அடித்து, நகலிலும் அதே இடத்தில் ஒட்டி வைத்தாராம்!

சிரிக்கிறோம். ஆனால் பிறர் எழுதியதை எடுத்துக் காட்டும்போது, அந்தக் குமாஸ்தாவின் வழியில் பாதியாவது நாம் போகத்தான் வேண்டும். மேற்கோள் குறிக்குள் இருப்பது நம் சொத்து அல்லவே! பிழையிருந்தாலும் பிழையோடுதான் தர வேண்டும்.

சரி, பழி யார் தலையில் விழும்? ஊரிலிருக்கும் கணவருக்கு ஒரு மனைவி, “வீட்டில் அரசி இல்லை, உடனே வாங்கி அனுப்பவும்” என்று எழுதிவிட்டாள் என்று வைத்துக் கொள்வோம். ‘அரிசி’தான் அவசரத்தில் ‘அரசி’யாகி விட்டது. இதை அப்படியே அச்சிட்டால், வாசகர்கள் அச்சுக் கோத்தவரைத்தானே திட்டுவார்கள்?

இந்தச் சங்கடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் லத்தீன் பாஷையிலிருந்து ஒரு குட்டிச் சொல்லைக் கடன் வாங்கினார்கள். ‘ஸிக்’ என்பது அது. நோய் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவே இல்லை. ‘இப்படியே’ என்பது இதன் பொருள். விரித்துச் சொன்னால், ‘ஸிக் எராட் ஸ்கிரிப்டும்’; அதாவது, ‘இப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.’ “வீட்டில் அரசி [ஸிக்] இல்லை” என்று போட்டுவிட்டால், “ஈயை நானும் பார்த்தேன், ஆனால் அடித்தது நான் அல்ல” என்று சொன்னதாகிவிடும்.

இதைப் பிறை அடைப்புக்குள் போடாமல் பகர அடைப்புக்குள் போடுவதற்கும் காரணம் உண்டு. பிறை அடைப்பு என்றால், அதுவும் மூல ஆசிரியர் எழுதியதோ என்ற மயக்கம் வரும். பகர அடைப்புக்குள் இருப்பது எடுத்துக் காட்டுகிறவரின் குரல்.

‘ஸிக்’ என்றாலே பிழை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தில், கையெழுத்துகள் உள்ள இடத்தில் ‘பென்ஸில்வேனியா’வுக்கு ஓர் ‘என்’ குறைகிறது. அந்த நாளில் அப்படி எழுதுவதும் வழக்கம்தான். அங்கே ‘ஸிக்’ போட்டால், ‘இன்றைய வழக்கம் வேறு, மூலத்தில் இப்படி’ என்றுதான் அர்த்தம்.

உப்பைப் போல இதையும் அளவோடுதான் சேர்க்க வேண்டும். அதிகம் படிக்காத ஒருவரின் கடிதத்தை எடுத்துக் கொண்டு, வரிக்கு வரி ‘ஸிக்’ போட்டால் அது விளக்கமா? பரிகாசம்! எழுதியவர் சொன்ன விஷயம் மறைந்து போய், அவருடைய எழுத்தறிவுதான் சந்தி சிரிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மேற்கோளையே விட்டுவிட்டு, விஷயத்தை நம் வார்த்தையில் சொல்லிவிடுவது மரியாதை.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் கதையைக் கேளுங்கள். 1890-ல் இங்கிலாந்தில் டெய்ஸி ஆஷ்ஃபோர்ட் என்ற அந்தக் குழந்தை ஒரு நாவல் எழுதினாள். ‘தி யங் விஸிட்டர்ஸ்’ என்று பெயர். தலைப்பிலேயே ‘ஓ’ வர வேண்டிய இடத்தில் ‘ஈ’ என்ற எழுத்து உட்கார்ந்து கொண்டது! 1919-ல் சாட்டோ அண்ட் விண்டஸ் அதைப் புத்தகமாக வெளியிட்டபோது, அந்த ஈயை யாரும் ஓட்டவில்லை. உள்ளேயும் எழுத்துப் பிழைகள் அப்படியே இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் ‘ஸிக்’ போட்டிருந்தால் குழந்தையின் குரல் செத்திருக்கும். ‘பீட்டர் பான்’ எழுதிய ஜே. எம். பாரி முன்னுரை தந்தார். அவரே குழந்தை மாதிரி எழுதிவிட்டாரோ என்று கூடப் பலர் சந்தேகப்பட்டார்கள்!

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்ஸனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர் 1886-ல் காலமானார். 1890-ல் முதல் தொகுதியை வெளியிட்டவர்கள், “திருத்துகிறோம்” என்று நிறுத்தக் குறிகளையும் சில இடங்களில் சொற்களையுமே மாற்றிவிட்டார்கள். விசித்திர எழுத்துக்கூட்டல் உட்பட அவர் எழுதியபடி முழுத் தொகுப்பை தாமஸ் ஜான்ஸன் கொண்டு வந்தது 1955-ல்தான். அறுபத்தைந்து வருஷம் உலகம் படித்தது, பிறர் கை பட்ட டிக்கின்ஸனை! தடுக்கவோ, கோபித்துக் கொள்ளவோ அவர் உயிரோடு இல்லையே.

நம் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் பாட்டியின் பழைய கடிதங்களும் ஊறுகாய்க் குறிப்புகளும் இருக்கலாம். குழந்தைகளை விட்டு நகல் எடுக்கச் சொல்லும்போது, “பாட்டி எழுதினபடியே எழுது” என்று சொல்லி வையுங்கள். உப்பு ஒரு படி என்று இருந்து, அது ஒரு பிடியாக இருக்குமோ என்று தோன்றினால், ‘படி’யை அழிக்க வேண்டாம். லத்தீனும் வேண்டாம். பக்கத்தில் பகர அடைப்புப் போட்டு, ‘மூலத்தில் உள்ளபடி’ என்று எழுதினால் போதும். ஊறுகாய் போடும்போது மட்டும் பிடியளவே போடுங்கள்!