செத்த பாட்டரிக்கும் உயிர் உண்டு!

டார்ச் விளக்கில் போடும் கட்டை தீர்ந்து போனால் என்ன செய்கிறோம்? தூக்கிக் குப்பையில் போடுகிறோம். அதனால் யாருக்கும் தீக்காயம் பட்டதாகக் கேள்விப்படுவது இல்லை.

அதே பழக்கத்தில், பிள்ளைகள் விளையாடும் டிரோன் பாட்டரியையும் குப்பையில் போட்டால்?

குப்பை வண்டியே தீப்பிடித்துக் கொள்ளக் கூடும்!

"இரண்டும் பாட்டரிதானே?" என்று கேட்பீர்கள். பெயர்தான் ஒன்று. குணம் வேறு.

சிறிய உருவம், பெரிய சக்தி

ரிமோட்டில் ஓடும் கார், படகு, பறக்கும் பொம்மை விமானம், டிரோன் ஆகியவற்றில் இருப்பது லித்தியம் பாட்டரி. இரும்புக் கூடு கிடையாது. மெல்லிய உறைக்குள் சப்பையாக இருக்கும். "லைப்போ" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்.

மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் அயான் பாட்டரியை 1991-ம் ஆண்டு ஜப்பான் நாட்டு சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. இந்த பாட்டரியை உருவாக்கிய ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குடெனஃப்புக்கு வயது 97!

மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட், 2200 எம்.ஏ.எச். பாட்டரி உள்ளங்கையில் அடங்கி விடும். ஆனால் அதில் உள்ள மின்சாரத்தைக் கொண்டு ஒரு 10 வாட் எல்.இ.டி. விளக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம். அத்தனை சக்தியும் ஒரே நொடியில் வெளியே வந்தால் என்ன ஆகும்?

உள்ளே என்ன இருக்கிறது?

செம்புத் தகடு ஒன்று, அலுமினியத் தகடு ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு. அது தலைமயிரை விட மெல்லியது. இவற்றை நனைத்துக் கொண்டிருக்கும் திரவம், தீப்பற்றக் கூடியது.

ஆணி குத்தினாலோ, குப்பை வண்டியில் நசுங்கினாலோ அந்த ஏடு கிழிகிறது. தகடுகள் ஒட்டிக் கொள்கின்றன. சூடு பிறக்கிறது. அந்தச் சூடு மேலும் சூட்டை உண்டாக்குகிறது. ஒரு செல்லில் பிடித்த தீ, பக்கத்துச் செல்லுக்கும் தாவுகிறது. வரும் புகையோ விஷம்!

2010-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந்தேதி துபாயில் இருந்து புறப்பட்ட ஒரு சரக்கு விமானம் நடுவானில் தீப்பிடித்து விழுந்தது. விமானிகள் இருவரும் மாண்டார்கள். லித்தியம் பாட்டரிகள் இருந்த சரக்கில்தான் தீ தொடங்கியது என்று விசாரணையில் தெரிய வந்தது.

உதிரி லித்தியம் பாட்டரிகளை விமானப் பயணிகள் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கையில்தான் கொண்டு போக வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. ஆபத்து என்றால் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும் என்பதுதான் காரணம்.

ஆயுள் முடிந்தது எப்படித் தெரியும்?

பாட்டரி பலூன் போல உப்பும். சார்ஜ் நிற்காது. சார்ஜ் செய்யும்போது சுடும். சில சமயம் தித்திப்பான ஒரு வாடை வரும்.

இதில் எது தெரிந்தாலும், "இன்னும் ஒரு தடவை பார்க்கலாம்" என்று சார்ஜ் போடாதீர்கள்.

காலி செய்வது எப்படி?

உப்பாத, அடிபடாத பழைய பாட்டரியை மட்டுமே வீட்டில் காலி செய்யலாம். பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

வெட்டவெளியில் சிமெண்டுத் தரையில் வையுங்கள். பக்கத்தில் காய்ந்த சருகு, துணி, கியாஸ் சிலிண்டர் எதுவும் இருக்கக் கூடாது.

சார்ஜரில் "டிஸ்சார்ஜ்" வசதி இருந்தால் முதலில் அதை உபயோகியுங்கள். ஒரு செல்லுக்கு 3 வோல்ட் வரை இறங்கும். அதோடு வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். மிச்சம் இருக்கிறது.

அதற்குத்தான் மோட்டார் வண்டியின் பிரேக் விளக்கு பல்பு. 12 வோல்ட், 21 வாட் பல்பு போதும். மூன்று செல் பாட்டரியில் அதை இணையுங்கள். பல்பு நன்றாகச் சுடும். தொடாதீர்கள். வெளிச்சம் மங்கி அணைந்த பிறகும் ஒருநாள், இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். உடனே கழற்றினால் வோல்ட் மறுபடி ஏறிவிடும். மீட்டரில் பூஜ்யம் காட்டினால்தான் காலி.

பிறகு இரண்டு கம்பி முனைகளிலும் தனித்தனியே இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். கத்தரிக்கோலே இரண்டையும் இணைத்து விடும்!

இப்படிக் காலி செய்த பாட்டரியை மறுபடி சார்ஜ் செய்வது பேராபத்து. உள்ளே செம்பு கரைந்து போயிருக்கும்.

மூன்று செல்லுக்கு மேற்பட்ட பாட்டரி என்றால் விஷயம் தெரிந்தவரிடம் விட்டு விடுங்கள். பல்பும் மீட்டரும் இல்லையா? கவலை வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி அப்படியே ஒப்படைக்கலாம்.

உப்புத் தண்ணீர் வைத்தியம்

"உப்புத் தண்ணீரில் போட்டால் சரியாகி விடும்" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி விடாதீர்கள். உப்பு, கம்பி முனைகளை அரித்து விடும். உள்ளே மின்சாரம் இருந்து கொண்டே இருக்கும். மீட்டரில் பூஜ்யம் காட்டும். நாமும் ஏமாந்து போவோம்.

உப்பிப் போனால்?

ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றாதீர்கள். அது காற்று அல்ல, தீப்பற்றும் வாயு. அமுக்காதீர்கள். காலி செய்யவும் முயலாதீர்கள்.

இரும்பு வாளியில் காய்ந்த மணல் போட்டு, அதற்குள் வையுங்கள். வீட்டுக்கு வெளியே, நிழலான இடத்தில் வாளி இருக்கட்டும். சீக்கிரமே ஒப்படைத்து விடுங்கள். "இது உப்பியது" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

தீயே பிடித்து விட்டால், எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். புகையை சுவாசிக்காதீர்கள். தூர நின்று ஊற்ற முடிந்தால் தண்ணீரை நிறைய ஊற்றலாம். சூடு தணிந்தால்தான் தீ அடங்கும்.

யாரிடம் கொடுப்பது?

2022-ம் ஆண்டு மத்திய அரசு பாட்டரிக் கழிவு விதிகளைக் கொண்டு வந்தது. பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. மற்ற குப்பையோடு கலக்காமல் பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு. குப்பைத் தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் அதற்கு இதுதான் அர்த்தம்.

வாங்கிய கடையில் கேளுங்கள். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிலையத்திலோ கொடுங்கள். அங்கே செம்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களைப் பிரித்து எடுப்பார்கள்.

காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். செம்புக்காக அங்கே சுத்தியலால் உடைப்பார்கள். கண் போனால் யார் கொடுப்பது?

குப்பையில் நாம் போடுவதைக் கையால் பிரிப்பவர் துப்புரவுத் தொழிலாளி. அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நமக்குத் தெரியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளின் பழைய விளையாட்டுச் சாமான் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூலையில் ஒரு பாட்டரி உப்பிக் கொண்டு கிடக்கிறதா? மணல் வாளியைத் தேடுங்கள்!